கொத்துச்சாவி யாரிடம்? பொருளாதாரத் திறமை குறித்து பிரிட்டிஷ் மக்களின் தீர்ப்புகள்

நாட்டுப் பொருளாதாரத்தைத் திறம்பட நடத்தக்கூடிய கட்சி எது? பிரிட்டனில் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்களிடம் இதைக் கேட்டுவருகின்றன. பொருளாதாரச் சிக்கலை நன்றாகச் சமாளிப்பது கன்சர்வேட்டிவ் கட்சியா, லேபர் கட்சியா என்று கேலப் நிறுவனம் ஒரு காலத்தில் மாதந்தோறும் கேட்டது. இப்சோஸும் யூகவும் சொற்களைச் சற்று மாற்றி இன்றும் கேட்கின்றன. ஒரு வீட்டின் கொத்துச்சாவி யார் இடுப்பில் இருக்க வேண்டும் என்று கேட்பதைப் போன்றது இது. இதில் பின்தங்கிய கட்சி பொதுத்தேர்தலில் வெல்வது அரிது என்பது இரு கட்சிகளின் வியூக வகுப்பாளர்களிடமும் ஊறிப்போன நம்பிக்கை. அந்த நம்பிக்கை பட்ஜெட்டுகளை வடிவமைத்திருக்கிறது, வரிகளைத் தள்ளிப்போட்டிருக்கிறது, மக்கள் நலச் செலவுகளை வெட்டியிருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு மக்கள் சொல்லும் பதில் உண்மையில் எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்வது அரசியல் அறிவியலாளர்களுக்கு மட்டுமான வேலை ஆகாது.

இதை ஆராய பிரிட்டன் வசதியான களம். அங்கே பெரும்பாலும் ஒரே கட்சி தனித்து ஆள்கிறது. நிதிப் பொறுப்பின் பெரும்பகுதி லண்டனில் குவிந்திருக்கிறது. கூட்டணி ஆட்சிகளிலும் அதிகாரம் பல இடங்களில் பிரிந்துகிடக்கும் அமைப்புகளிலும் யாரைப் பாராட்டுவது, யாரைக் குறைசொல்வது என்று வாக்காளர் குழம்பிவிடுகிறார் என்று பவலும் விட்டனும் 1993இல் காட்டினார்கள். பிரிட்டனில் அந்தக் குழப்பம் குறைவு. 1963–64இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வும் நீண்ட தரவுத் தொடரைத் தருகிறது. அந்தத் தரவுகளின் மேல் மூன்று விளக்கங்கள் எழுந்திருக்கின்றன. மூன்றிலும் உண்மை உண்டு என்றாலும், தீர்ப்பு தலைகீழாக மாறிய தருணங்களை அவற்றில் எதுவும் தனித்து விளக்கவில்லை என்பது என் வாதம்.

எல்லோரும் விரும்புவதை யார் செய்துதருவார்?

முதல் விளக்கத்துக்கு வித்திட்டவர் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஸ்டோக்ஸ். வாக்காளர் தம் கொள்கைக்கு அருகிலுள்ள கட்சியைத் தேர்கிறார் என்று அந்தோனி டவுன்ஸ் 1957இல் முன்வைத்த கோட்பாட்டை அவர் 1963இல் மறுத்தார். சில பிரச்சினைகளில் மக்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். வேறு சிலவற்றில் எல்லோருக்கும் ஒரே விருப்பம்தான் என்றார். ஊழலையும் வறுமையையும் வேண்டும் என்பவர் எவருமில்லை. அங்கே போட்டி நிலைப்பாட்டைப் பற்றியதாக இல்லாமல் திறமையைப் பற்றியதாகிவிடுகிறது. டேவிட் பட்லரோடு சேர்ந்து 1969இல் வெளியிட்ட பிரிட்டிஷ் வாக்காளர் ஆய்வில் இந்தப் பார்வையைப் பொருளாதாரத்துக்குப் பொருத்தினார். கிளார்க், சாண்டர்ஸ், ஸ்டூவர்ட், வைட்லி ஆகியோர் 2004இல் இதை விரிவாக்கி, வர்க்க விசுவாசம் தேய்ந்துவிட்ட பிரிட்டனில் வாக்கைத் தீர்மானிப்பதில் கட்சியின் திறமை பற்றிய மதிப்பீடே முதன்மையானது என்று வாதிட்டார்கள்.

கருத்துக்கணிப்புக் கேள்வியே இந்தக் கோட்பாட்டின் மேல்தான் நிற்கிறது. ஆனால் 'நல்ல பொருளாதாரம்' என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானா? வட்டி உயர்ந்தால் வீட்டுக்கடன் கட்டுபவர் தவிக்கிறார். சேமிப்பை நம்பி வாழும் ஓய்வூதியர் நிம்மதி அடைகிறார். வீட்டு விலை ஏறினால் சொந்த வீட்டுக்காரருக்கு வளம், வாடகைக்கு இருக்கும் இளைஞருக்கு அடைபட்ட கதவு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய 2016 வாக்கெடுப்பின்போது நியூகாசலில் நடந்த கூட்டமொன்றில், விலகினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி சரியும் என்று பேராசிரியர் ஆனந்த் மேனன் விளக்கிக்கொண்டிருந்தார். அது உங்கள் ஜிடிபி, எங்களுடையது இல்லை என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்கொடுத்தார். லண்டனின் செழிப்பு வடகிழக்கு இங்கிலாந்தைத் தொடாத நாட்டில், பொருளாதாரத்தை ஒற்றைச் சொத்தாகப் பேசும் கோட்பாட்டுக்கு அந்தக் குரலைவிடக் கூர்மையான விமர்சனம் கிடைப்பது கடினம்.

வரவு, செலவு, தண்டனை

இரண்டாவது விளக்கம் இன்னும் எளிது. வாக்காளர் ஆட்சியாளரின் கணக்கைப் பார்க்கிறார். வாழ்க்கை மேம்பட்டிருந்தால் வைத்துக்கொள்கிறார், இல்லாவிட்டால் அனுப்பிவிடுகிறார். வாக்காளர்கள் முட்டாள்கள் இல்லை என்று வி. ஓ. கீ 1966இல் வலியுறுத்திய மரபு இது. சார்லஸ் குட்ஹார்ட்டும் பன்சாலியும் 1970இல் வேலையின்மையையும் பணவீக்கத்தையும் கொண்டு பிரிட்டிஷ் அரசுகளின் செல்வாக்கு ஏறி இறங்குவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மோரிஸ் ஃபியோரினா 1981இல் இதற்கு நுணுக்கம் சேர்த்தார்: மக்கள் மனத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பேரேடு இருக்கிறது, அனுபவங்கள் அதில் வரவாகவும் பற்றாகவும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. வாக்காளர் தம் சட்டைப்பையைவிட நாட்டின் நிலையையே அதிகம் பார்க்கிறார் என்று கிண்டரும் கீவிட்டும் அதே ஆண்டில் அமெரிக்கத் தரவுகளிலிருந்து காட்டினர்.

பேரேடு என்ற உருவகம் கவர்கிறது. ஆனால் வரவையும் பற்றையும் யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1975இல் பிரிட்டனின் ஆண்டுப் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தொட்டபோது ஆட்சியில் இருந்தது லேபர். அதற்கு முந்தைய கன்சர்வேட்டிவ் ஹீத் அரசு 1972–73இல் கடனைத் தளர்த்தி ஊதிப்பெருக்கிய வளர்ச்சியும், 1973 இறுதியிலிருந்து எண்ணெய் விலை நான்கு மடங்கானதும் அந்தப் பணவீக்கத்தில் எவ்வளவு பங்கு வகித்தன என்று பொருளாதார வல்லுநர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். 1976இல் லேபர் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி சர்வதேச நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டார். அதுவரை அந்த நிதியத்திடம் எந்த நாடும் கேட்டிராத தொகை. அரசின் கடன் தேவையை நிதித்துறை மிகையாகக் கணித்திருந்தது, சரியான எண்கள் கையில் இருந்திருந்தால் போயிருக்கவே தேவையில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். வாக்காளர் மனத்தில் பதிந்ததோ கையேந்திய காட்சி. அதை அழிக்கத் திருத்தப்பட்ட புள்ளிவிவரத்துக்கு வலு போதவில்லை.

பேரேட்டுக் கோட்பாட்டை அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வும் நெருக்குகிறது. ஆலன் பிளைண்டரும் மார்க் வாட்சனும் ட்ரூமன் காலம் முதல் ஒபாமாவின் முதல் ஆட்சிக்காலம் வரை அலசி, ஜனநாயகக் கட்சியினர் அதிபராக இருந்த காலங்களில் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 1.8 சதவீதப் புள்ளிகள் அதிகம் என்று 2016இல் வெளியிட்டார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும், அந்தக் காலத்தின் கணிசமான பகுதியில் பொருளாதாரத் திறமைக்கான நற்பெயர் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, அந்த இடைவெளிக்கு அவர்கள் கண்ட காரணம்: எண்ணெய் விலை அதிர்ச்சிகள், உற்பத்தித்திறன், உலகச் சூழல் ஆகியவையே பெரும்பகுதியை விளக்கின, அரசின் நிதிக்கொள்கைக்கோ மத்திய வங்கியின் கொள்கைக்கோ பங்கு தெரியவில்லை. பதிவான வளர்ச்சிக்கும் நற்பெயருக்கும் உறவு தளர்வு. ஆட்சியின் கொள்கைக்கும் பதிவான வளர்ச்சிக்கும் உறவு அதைவிடத் தளர்வு. இந்த இரட்டைத் தளர்வுக்கு நடுவே வாக்காளர் துல்லியமாகக் கணக்குப் பார்க்கிறார் என்று நம்புவது எளிதாக இல்லை.

கட்சிக் கண்ணாடி

மூன்றாவது விளக்கம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறது. கட்சி பிடித்திருப்பதால் பொருளாதாரம் நன்றாகத் தெரிகிறது என்கிறது. கட்சிப் பற்று ஒரு வடிகட்டியாக வேலைசெய்கிறது என்று 'அமெரிக்க வாக்காளர்' ஆய்வு 1960இலேயே சொன்னது. ஜெஃப்ரி எவன்ஸும் ராபர்ட் ஆண்டர்சனும் 1992 முதல் 1997 வரை ஒரே பிரிட்டிஷ் வாக்காளர்களைத் தொடர்ந்து பேட்டி கண்ட தரவுகளை எடுத்துக்கொண்டு, பொருளாதாரம் பற்றிய எண்ணம் கட்சி ஆதரவை மாற்றியதைவிடக் கட்சி ஆதரவு பொருளாதாரம் பற்றிய எண்ணத்தை மாற்றியதே அதிகம் என்று 2006இல் முடிவுகட்டினார்கள். இதை லூயிஸ்-பெக்கும் அவருடைய சகாக்களும் மறுத்தார்கள்; கட்சிச் சாய்வைக் கழித்த பிறகும் பொருளாதாரத்தின் விளைவு மிஞ்சுகிறது என்பது அவர்கள் வாதம். விவாதம் முடியவில்லை. அளவு எவ்வளவு என்பதில்தான் சச்சரவு. வடிகட்டி இருப்பதை இன்று எவரும் மறுப்பதில்லை.

ஆனால் இந்த விளக்கத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. கட்சிப் பற்று மெதுவாக நகரும் பொருள். பொருளாதார நற்பெயரோ சில வாரங்களில் கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்தபின் பல ஆண்டுகள் எழாமல் கிடந்திருக்கிறது. வடிகட்டியைக் கொண்டு நிலைத்திருப்பதை விளக்கலாம், கவிழ்வதை விளக்க முடியாது. தீர்ப்பின் இயல்பை அறிய, அது உடைந்த நாட்களைத்தான் பார்க்க வேண்டும்.

உடைந்த நாட்கள்

1967 நவம்பர் 18 அன்று ஹரால்ட் வில்சன் அரசு பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. குறைக்கவே மாட்டோம் என்று மூன்றாண்டுகள் பிடிவாதமாக நின்ற அரசு அது. மறுநாள் தொலைக்காட்சியில் தோன்றிய வில்சன், மக்களின் கையிலும் பையிலும் உள்ள பவுண்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலே அவருக்கு எதிராகத் திரும்பியது. 1968 முழுவதும் லேபரின் செல்வாக்கு பாதாளத்தில் கிடந்தது. ராய் ஜென்கின்ஸ் நிதியமைச்சராக வந்து அந்நியச் செலாவணிக் கணக்கை உபரிக்குக் கொண்டுவந்தார். 1970 வசந்தத்தில் கருத்துக்கணிப்புகள் ஓரளவு மீட்சி காட்டின. ஜூன் தேர்தலில் கட்சி தோற்றது.

1992 இதைவிடத் தெளிவான சோதனை. அந்த ஏப்ரலில், பொருளாதார மந்தத்தின் நடுவே, கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜர் தேர்தலில் வென்றிருந்தார். மந்தம் தனியாக நற்பெயரைக் கொல்வதில்லை என்பதற்கு அந்த வெற்றியே சான்று. பவுண்டை ஐரோப்பிய நாணய மாற்று விகித அமைப்பில் வைத்திருப்பதே அரசின் பொருளாதாரக் கொள்கையின் அச்சாணி. செப்டம்பர் 10 அன்று கிளாஸ்கோவில் பேசிய மேஜர், மதிப்புக் குறைப்பு என்ற மென்மையான வழியை எடுக்கப்போவதில்லை என்று உறுதியளித்தார். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 16 காலையில் வட்டி 10 சதவீதத்திலிருந்து 12 ஆனது. பிற்பகலில் 15 ஆக உயரும் என்று அறிவிப்பு வந்தது. மாலையில் நிதியமைச்சர் நார்மன் லாமான்ட் கருவூலத்துக்கு வெளியே நின்று, அமைப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னார். அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 330 கோடி பவுண்டு என்று கருவூல ஆவணங்கள் பின்னர் காட்டின.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பேரேட்டுக் கோட்பாட்டைத் திணறடிக்கிறது. விலங்கு அறுந்த பொருளாதாரம் மூச்சுவிட்டது. சில மாதங்களில் வட்டி 6 சதவீதத்துக்கு இறங்கியது. பணவீக்கம் அடங்கியே இருந்தது. 30 லட்சத்தை நெருங்கியிருந்த வேலையற்றோர் எண்ணிக்கை 1993 தொடக்கத்துக்குப் பின் சீராகக் குறைந்தது. 1997 மே மாதம் டோனி பிளேரிடம் ஒப்படைக்கப்பட்டது அண்மைப் பத்தாண்டுகளின் நல்ல பொருளாதாரங்களில் ஒன்று. ஆனால் கன்சர்வேட்டிவ் கட்சி 165 இடங்களுக்குச் சுருங்கியது. 1992 வெற்றியை முன்கூட்டியே கணித்துப் பெயர்பெற்ற டேவிட் சாண்டர்ஸ் போன்றவர்களின் பொருளாதார மாதிரிகள், இந்த முறை திறமை பற்றிய நற்பெயரைத் தனி மாறியாகச் சேர்த்தால்தான் நடந்ததோடு பொருந்தின. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த நாணய அமைப்பில் சேர்வதை லேபர் கட்சியும் ஆதரித்திருந்தது. கொள்கையில் வேறுபாடு இல்லை. மக்கள் தண்டித்தது கொள்கையை என்று சொல்ல வழியில்லை. சுக்கான் யார் கையில் இருந்தபோது கப்பல் தட்டியது என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

2007–08இல் காட்சி மாறியது, வடிவம் மாறவில்லை. ஏற்றமும் சரிவுமான பழைய சுழற்சிக்குத் திரும்பமாட்டோம் என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தவர் லேபரின் கார்டன் பிரவுன். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் பணம் எடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அதே மாதம்தான் கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சிக்கு வந்தால் லேபரின் செலவுத் திட்டத்தையே பின்பற்றுவோம் என்று உறுதியளித்திருந்தது. 2008 நவம்பரில்தான் அதைக் கைவிட்டது. வங்கிகள் மீதான தளர்ந்த கண்காணிப்பை இரு கட்சிகளும் ஏற்றிருந்தன. பழி ஒருவர் மேல்தான் விழுந்தது.

பிறகு 2022 செப்டம்பர் 23. லிஸ் டிரஸ் அரசின் நிதியமைச்சர் குவாசி குவார்டெங், ஈடுகட்ட வழிசொல்லாத 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை மினி பட்ஜெட்டாக அறிவித்தார். மூன்று நாளில் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்கு வீழ்ந்தது. அரசுக் கடன்பத்திரங்களின் விலை சரிய, ஓய்வூதிய நிதிகள் நெருக்கடிக்குள்ளாகி, 28ஆம் தேதி இங்கிலாந்து வங்கி பத்திரங்களை வாங்கத் தலையிட்டது. கடன் நிறுவனங்கள் வீட்டுக்கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. அக்டோபர் 14இல் குவார்டெங் நீக்கப்பட்டார். 20இல் டிரஸ் பதவி விலகல் அறிவித்தார். இந்தத் திட்டம் ஆபத்தானது என்று ரிஷி சுனக் அந்தக் கோடையில் கட்சித் தலைமைப் போட்டியிலேயே எச்சரித்திருந்தார். எச்சரித்தவரே அடுத்த பிரதமரானபோதும் கட்சிக்கு அது உதவவில்லை. பணவீக்கத்தைப் பாதியாக்குவேன் என்று 2023 ஜனவரியில் அவர் சொன்னார்; ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே வந்தது. 2024 ஜூலையில் கட்சிக்குக் கிடைத்தவை 121 இடங்கள்.

இந்த நாட்களில் இரண்டு கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, எதன் பேரில் நம்பச் சொன்னார்களோ அந்த வாக்கே உடைந்தது: பவுண்டின் மதிப்பு, நாணய அமைப்பு, சரிவில்லா வளர்ச்சி, கட்டுக்கோப்பான நிதி. இன்னொன்று, உடைந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்; வங்கி வாசலின் வரிசையைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு மக்கள் சொல்லும் பதில், வளர்ச்சி விகிதத்தின் மதிப்பீடு என்பதைவிட, நிலைமை ஆள்பவரின் பிடியில் இருந்ததா, சொன்ன சொல் நின்றதா என்பதன் நினைவு என்று கொள்வதே சான்றுகளோடு அதிகம் ஒத்துப்போகிறது. ஜேன் கிரீனும் வில் ஜென்னிங்ஸும் 2017இல் வெளியிட்ட நூலில் ஆட்சித் திறமை பற்றிய மதிப்பீடுகளை அதிர்ச்சிகளோடும் ஆள்வதன் தேய்மானத்தோடும் இணைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் வரைந்த சித்திரத்தோடு இது பெரும்பாலும் பொருந்துகிறது. உடைந்த வாக்குக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

மறுப்புகள்

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பலன் கிடைத்தும் மக்கள் பாராட்டவில்லை என்பதே தவறான வாசிப்பு, பலன் கிடைக்கவே இல்லை. 1992க்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீட்டு மதிப்பு அவர்கள் கட்டவேண்டிய கடனைவிடக் கீழே கிடந்தது. வரியைக் குறைப்போம் என்று வாக்கு வாங்கியவர்கள் 1993இன் இரு பட்ஜெட்டுகளில் உயர்த்தினார்கள். வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் வாட் வரி வந்தது. அதேபோல் 2023இல் குறைந்தது பணவீக்கம்தான், விலைவாசி குறையவில்லை. ரொட்டியும் வாடகையும் ஏறிய இடத்திலேயே நின்றன. இதில் பெரும் நியாயம் இருக்கிறது. மக்களைச் சலனபுத்திக்காரர்களாகச் சித்திரிக்கும் எழுத்துகளுக்குச் சரியான பதிலும் கூட. ஆனால் இந்த மறுப்பு காலவரிசையை விளக்கவில்லை. 1991இன் வேலையிழப்புகளும் வீட்டுப் பறிமுதல்களும் கட்சியின் நற்பெயரைக் கவிழ்க்கவில்லை. 1992 செப்டம்பர் 16 என்ற ஒரு புதன்கிழமை கவிழ்த்தது. வலி மீட்சியைத் தடுத்திருக்கலாம். வீழ்ச்சியின் நாளை வலி குறிக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கன்சர்வேட்டிவ் பிரதமர் தாட்சரைச் சுட்டும். 1979இல் வேலையற்றோர் வரிசையைச் சுவரொட்டியாக்கி லேபரை வீழ்த்திய கட்சி, 1982 ஜனவரியில் அந்த எண்ணிக்கையை 30 லட்சத்துக்கு மேல் கொண்டுபோய், 1983இல் 397 இடங்களோடு வென்றது. வாக்கு உடைந்தால் தண்டனை என்றால் இங்கே ஏன் தண்டனை இல்லை? 1982இன் ஃபாக்லாந்து போர் ஒரு விடை. சாண்டர்ஸும் சகாக்களும் 1987இல் அதை மறுத்து, போருக்கு முன்பே மக்களின் பொருளாதார எதிர்பார்ப்பு உயரத் தொடங்கியிருந்தது என்று காட்டினர். எதிர்க்கட்சி பிளவுபட்டிருந்ததும் உண்மை. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்: தாட்சர் முன்னிறுத்திய இலக்கு பணவீக்கம்; 1980இல் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்த அது 1983 தேர்தலின்போது 4 சதவீதத்துக்குக் கீழ் வந்திருந்தது. வேலையின்மை அவர் கட்டுப்பாட்டை மீறி நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை, தெரிந்தே ஏற்ற விலையாகத் தோன்றியது. முப்பது லட்சம் பேரின் வாழ்வாதாரத்தைவிட நாணயச் சந்தையின் ஒரு நாள் பொதுமனத்தில் கனமாக விழுகிறது என்பதே இதன் பொருள். இந்த ஏற்றத்தாழ்வை ஆய்வாளர்கள் வெறும் கணிதப் பண்பாகப் பதிவுசெய்து நகர்ந்துவிடக் கூடாது. சுரங்க ஊர்களும் கப்பல்கட்டும் ஊர்களும் அதற்கு ஒரு தலைமுறையைக் கொடுத்திருக்கின்றன.

மூன்றாவது மறுப்பு அளவீட்டைப் பற்றியது. ஒரு கட்சி சரியும்போது கல்வி, மருத்துவம், குற்றத்தடுப்பு என்று எல்லாவற்றிலும் சேர்ந்தே சரிகிறது. அப்படியானால் 'பொருளாதாரம்' என்ற பெயரில் நாம் அளப்பது பொதுவான அதிருப்தியைத்தானே? ஓரளவு ஆம். ஆனால் மேலே கண்ட தருணங்களில் நோய் பரவிய திசை பெரும்பாலும் பொருளாதாரத்திலிருந்து மற்றவற்றுக்குத்தான்.

கதை சொல்பவரின் பங்கு

நிகழ்வு தானாகப் பேசுவதில்லை. யாரோ அதற்கு மொழி கொடுக்கிறார்கள். 1964இல் கருவூலத்தை விட்டுப்போன கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், 80 கோடி பவுண்டு பற்றாக்குறையை விட்டுச்செல்வதற்காகத் தமக்குப் பின் வந்த காலகனிடம் வாய்வார்த்தையாக வருத்தம் சொன்னாராம். 2010இல் லேபர் அமைச்சர் லியாம் பர்ன், பணம் தீர்ந்துவிட்டது என்று அடுத்து வருபவருக்கு வேடிக்கையாக ஒரு வரி எழுதி மேசையில் வைத்தார். அந்தக் காகிதத்தைக் கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் 2015 தேர்தல் மேடைகளில் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். உலக வங்கிகளின் வீழ்ச்சியால் வரி வருவாய் சரிந்து பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தொட்டது என்ற விளக்கத்தைவிட, லேபர் ஊதாரித்தனமாகச் செலவழித்தது என்ற கதை வேகமாகப் பரவியது. அரசின் கணக்கு குடும்பக் கணக்கைப் போன்றது என்ற உவமை அதற்குத் துணைநின்றது. குடும்பம் செலவைக் குறைத்தால் சேமிப்பு கூடும். மந்தத்தில் அரசு குறைத்தால் மற்றவர்களின் வருமானமும் சேர்ந்து குறையும். அந்த வேறுபாட்டை விளக்கப் பத்து நிமிடம் தேவை, தலைப்புச் செய்தியில் அதற்கு இடமில்லை. பொருளியலாளர்களிடையே பெரும் சச்சரவாக இருந்த ஒரு கேள்வி ஊடகத்தில் முடிந்துபோன உண்மையாக நடத்தப்பட்டது என்று ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சைமன் ரென்-லூயிஸ் தொடர்ந்து எழுதிவந்தார். இருந்தாலும் கதைக்கு அளவுக்கு மீறிய வலு கொடுக்கவும் கூடாது. 2022இல் டிரஸ் தரப்பு சொன்ன விளக்கங்கள் எடுபடவில்லை. தவணை உயரும் என்று கடிதம் வந்த வீட்டில் வேறு கதை செல்லாது.

தீராதவை

இந்த வாசிப்பு சரியென்றால் அதன் பின்விளைவு கவலை தருவது. ஒரே நாளில் உடைபவை தண்டிக்கப்படுகின்றன. பத்தாண்டுகளாக மெல்ல அரித்தவை தப்பிக்கின்றன. 2008க்குப் பிறகு பிரிட்டனின் உற்பத்தித்திறன் ஏறக்குறைய நின்றுபோனது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் சராசரிக் கூலி பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பழைய இடத்தையே சுற்றிவந்தது. மக்கள் வாழ்க்கையைக் கணக்கெடுத்தால் இது 1992ஐவிடப் பன்மடங்கு பெரிய தோல்வி. அதற்கென்று ஒரு நாள் இல்லை, ஒரு வரிசை இல்லை. ஆகவே தீர்ப்பும் வரவில்லை. மெதுவான தேய்வு எந்த நிலையில், எந்த வடிவில் கட்சியின் மேல் பழியாக எழுதப்படுகிறது என்பதை இன்றைய ஆய்வுகளால் சொல்ல முடியவில்லை. 2016இன் நியூகாசல் குரல் அப்படி எழுதப்பட்ட பழியாக இருக்கலாம், வேறு முகவரிக்குப் போய்ச் சேர்ந்த பழி.

நற்பெயரைச் சம்பாதிக்க முடியுமா, எதிராளி இழக்கும்வரை காத்திருப்பதுதான் வழியா என்பதும் தீரவில்லை. ஜான் ஸ்மித் காலம் முதல் லேபர் நிதி வட்டாரங்களின் நம்பிக்கையைத் தேடியலைந்ததும், 1997 மே 6இல் பிரவுன் வட்டி விகிதத்தை இங்கிலாந்து வங்கியிடம் ஒப்படைத்ததும் சம்பாதிக்க முடியும் என்ற வாதத்துக்குச் சான்றுகள். ஆனால் 1992 செப்டம்பர் இல்லாமல் அவை எவ்வளவு பலித்திருக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க வரலாறு இன்னொரு பிரிட்டனைத் தரவில்லை.

மிக அண்மைச் சோதனை இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே எதிராகத் திரும்பக்கூடும். 2024இல் ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மர் அரசு, அந்த ஜூலையிலேயே பெரும்பாலான ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை நிறுத்தியது. அக்டோபரில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்கை 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார். உழைக்கும் மக்கள் மேல் வரி ஏற்றமாட்டோம் என்ற தேர்தல் வாக்கை இது மீறியதா என்று நெடிய வாக்குவாதம் நடந்தது. பவுண்டு சரியவில்லை, வங்கி வாசலில் வரிசை நிற்கவில்லை. அப்படியிருந்தும் பொருளாதாரத்தில் லேபருக்கு இருந்த நற்பெயர் முதல் ஆண்டிலேயே தேய்ந்தது. இந்தச் சரிவு நிலைத்துவிட்டால், வாக்கு உடைவது மட்டுமே போதும், எல்லோரும் பார்க்கும் பேரிடி தேவையில்லை என்று மேற்சொன்ன வாதத்தின் பாதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். இந்த முறை இழந்த நற்பெயர் பழைய எதிராளியிடம் அப்படியே போய்ச் சேரவும் இல்லை. 2024 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்தே 58 சதவீத வாக்குகளை எட்டவில்லை. 'எந்தக் கட்சியும் இல்லை', 'தெரியாது' என்ற பதில்களும் ரிஃபார்ம் கட்சியின் பெயரும் இன்று அந்தக் கேள்விக்குக் கீழே கணிசமான இடம் பிடிக்கின்றன. கன்சர்வேட்டிவா லேபரா என்று இரண்டே பெயர்களைச் சொல்லிக் கேட்ட கேலப்பின் நீண்ட தொடரையும், இன்று ஐந்தாறு பெயர்களோடு கேட்கப்படும் தொடரையும் எப்படி ஒரே கோட்டில் வைத்து வாசிப்பது என்பதற்கு இன்னும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை இல்லை.